சிவனாண்டியின் முதல் கை

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிவனாண்டியின் வலது காலைக் கயிறு கட்டி மணல் மூட்டையால் இழுத்து வைத்திருந்தார்கள். முறிந்த தொடை எலும்பு ஒட்ட இன்னும் மூன்று வாரம் ஆகும். அதற்குள் இறங்கினால் கால் கோணிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முந்தாநாள் அவர் ஊரான குருவிகுளத்தில் மழை பெய்துவிட்டது. கரிசலில் விதைக்கிற பதம் இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். அதற்குள் பாசிப்பயறு மண்ணில் விழவேண்டும். முதல் பிடி விதையைப் போடுவது சிவனாண்டியின் கைதான். முப்பது வருஷமாக வேறு கை பட்டதில்லை.

நேற்று மனைவி முருகம்மாள் வந்திருந்தாள். ஒரு பிடி விதையை அவர் உள்ளங்கையில் கொட்டி, வண்டு விழுந்திருக்கிறதா பார்க்கச் சொன்னாள். கிளறிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். “நாளைக்கு நானே வாரேன்” என்றார். அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

இன்று காலை கஞ்சியைத் தள்ளி வைத்தார்.

“சிஸ்டர், மூட்டைய அவுத்து விடுங்க. விதச்சிட்டு சாயங்காலம் வந்துருதேன்.”

“கால இங்கன வச்சிட்டுப் போறதா இருந்தா போங்க அண்ணாச்சி” என்றாள் நர்ஸ் ஜெயசித்ரா.

அவள் திரும்பியதும் எட்டி முடிச்சில் கை வைத்தார். பக்கத்துக் கட்டிலில் கை முறிந்து கிடந்த கடையநல்லூர் ஜவுளிக்கடை மைதீன் சத்தம் போட்டார்.

“சிஸ்டர், இவரு கயித்த அவுக்காரு!”

ஓடிவந்த ஜெயசித்ரா, நோயாளிகள் வீட்டோடு பேசுவதற்கென்று வார்டில் இருந்த போனை எடுத்து வீடியோ கால் போட்டாள். திரையில் முருகம்மாள். பின்னால் வயல், வாடகை டிராக்டர்.

“ஏட்டி, மண்ண எடுத்துக் காட்டு” என்றார் சிவனாண்டி. “கிட்ட கொண்டா. இன்னும் கிட்ட.”

திரை முழுக்கக் கரிசல். ஈரம் பார்க்க அவர் கட்டைவிரல் தானாகப் போய் அழுத்தியது. விரல் பட்டு போன் கட்டாகிவிட்டது.

“என்ன வே, பதமா இருக்கா?” என்றார் மைதீன்.

“வழுவழுன்னுல்லா இருக்கு.”

ஜெயசித்ரா சிரித்துக்கொண்டே மறுபடியும் போட்டாள். “கைய மடக்கிக்கிடுங்க.”

இந்தத் தடவை முருகம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே ஒரு பிடி பயறு.

“நேத்து உங்க கையில கிடந்தது. வித மூட்டையில சேக்கல. முடிஞ்சே வச்சிருக்கேன்.”

“அப்ப வண்டு பாக்கச் சொன்னது?”

“வண்டா? போன வாரமே புடச்சி வச்சாச்சு. வேற எப்படி உங்க கையில குடுக்க?”

“வே, உம்ம வீட்டம்மாவ நம்ம கடையில கொண்டு உக்கார வையும்” என்றார் மைதீன்.

சிவனாண்டி திரைப் பக்கம் திரும்பினார்.

“செருப்பக் கழத்து.”

“கழத்தியாச்சு.”

“கிழக்கப் பாத்து நில்லு.”

“நிக்கேன்.”

அவர் வலது கையை விரித்து உயர்த்தினார். “போடு.”

பயறு பறந்தது. கண்ணிமைப்பதற்குள் மண்ணில் விழுந்து மறைந்தது. பின்னால் டிராக்டர் உறுமியது.

சிவனாண்டி கஞ்சியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“மூணு வாரத்துல நாலு இல விட்டுருக்கும். களை எடுக்கப் போயிரலாமா சிஸ்டர்?”

“வரப்புல உக்காந்து வேடிக்க பாக்கலாம்.”

“அது போதும். இந்த முடிச்சு கொஞ்சம் இளகிக் கிடக்கு. இறுக்கி விடுங்க.”