ஆறு பேர் லிஃப்டில் ஒரு குண்டான் ஸ்டூ

எங்கள் நண்பன் லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் அவனைப் பத்துமடங்கு என்றுதான் கூப்பிடுவோம். ஒரு ஆளைத் தூக்க வேண்டுமென்றால் பத்து ஆளைத் தாங்கும் கயிறு போட வேண்டும் என்பது அவன் தொழிலின் முதல் பாடம். அதை அவன் தொழிலோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஒரு சட்டைப் பொத்தான் அறுந்தால் அந்த இடத்தில் பத்துத் தையல் போடுவான்.

அவன் விரும்பிய பெண் ஒரு தையற்காரி, ஏழாவது மாடியில் அப்பாவோடு இருந்தாள். அப்பா ரயில் கார்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தக் கட்டடத்து லிஃப்ட் அரை மாடி கீழே விழுந்தபோது உள்ளே இருந்தவர் அவர். அன்றிலிருந்து லிஃப்டில் ஏறுவதில்லை. முட்டி வலியால் படியிலும் இறங்குவதில்லை. பெண் கேட்டுப் போனவனிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"என் பொண்ணு நாள் பூரா மிஷின் மிதிக்கிறா. வீட்டுக்கு வந்து அடுப்பையும் அவளே பார்க்கணும்னா அந்தக் கல்யாணம் வேண்டாம். ஞாயித்துக்கிழமை ஒரு மணிக்கு உங்க கையால சமைச்சு எடுத்துட்டு வாங்க. சாப்பிட்டுட்டுச் சொல்றேன்."

பத்துமடங்குக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அவ்வளவுதான். நான் புத்தகம் பைண்டிங் செய்கிறவன், எனக்குப் பசை காய்ச்சத் தெரியும். மூன்றாவது நண்பர் பேக்கரிக்காரர், எங்கள் இருவருக்கும் மூத்தவர். அவர்தான் மாவுப் பையைக் கிழித்து அதன் பின்புறம் நாலு பேருக்கான ஸ்டூவை எழுதிக் கொடுத்துவிட்டு, அடுப்பையும் விட்டுக்கொடுத்து, ரொட்டி விற்கப் போனார்.

நான் வாசித்தேன். அவன் செய்தான்.

"கறி ஒரு கிலோ."

"பத்து."

"உருளைக்கிழங்கு ஒரு கிலோ."

"பத்து."

"டேய், சாப்பிடப் போறது ரெண்டே பேரு."

"கயிறு அறுந்தப்புறம் இதைச் சொல்லுவியா?"

கேரட், வெங்காயம், மிளகு, மாவு எல்லாம் பத்துப் பங்கு விழுந்தன. உப்புக்கு வந்தபோது மட்டும் நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஒரு கரண்டி. அதுக்கு மேல போட்டா நான் வெளியே போயிடுவேன்." அரை மணி நேரம் கொதிக்கட்டும் என்று எழுதியிருந்தது. ஐந்து மணி நேரம் கொதித்தது.

இரண்டு அண்டா ஸ்டூ ஒரே குண்டானுக்குச் சுண்டிவிட்டது. ஸ்டூ சுண்டியதே தவிர அதன் எடை சுண்டவில்லை. நட்டுவைத்த கரண்டி அப்படியே நின்றது. அதிலிருந்து கிளம்பிய ஆவி மேலே போகாமல் தரையில் இறங்கி உட்கார்ந்தது.

பேக்கரிக்காரர் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். "ஏம்பா, இது ஸ்டூவா, அஸ்திவாரமா?"

மோட்டார் தூக்கும் சங்கிலிக் கப்பியால் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றினோம். வண்டி போன வழியில் தார் ரோடு இரண்டு கோடாக உள்ளே போயிற்று. மழை வந்தால் இன்றும் அந்தக் கோட்டில்தான் தண்ணீர் ஓடுகிறது.

பன்னிரண்டே காலுக்கு லிஃப்டுக்குள் குண்டானை இறக்கினோம். 'ஆறு பேர், 408 கிலோ' என்று உள்ளே பலகை. நாங்கள் மூவரும் ஏறினோம். பாரம் அதிகம் என்று மணி அடித்தது. நான் இறங்கினேன். அடித்தது. பேக்கரிக்காரர் இறங்கினார். அடித்தது. பத்துமடங்கும் இறங்கினான். உள்ளே குண்டான் மட்டும் நின்றது. மணி நிற்கவில்லை.

"மணியோட வயரைக் கழட்டிவிடுப்பா. ஸ்க்ரூ டிரைவர் பையில இருக்குல்ல?" என்றார் பேக்கரிக்காரர்.

பத்துமடங்கு பையைத் தொட்டுப் பார்த்தான். மேலே பார்த்தான். மணி பன்னிரண்டரை.

"வேணாம் அண்ணே. அந்த வயரை நான் கழட்டினதே இல்ல."

"அப்ப பொண்ணு?"

அவன் கரண்டியை இரண்டு கையாலும் பிடுங்கி, ஒரு வாய் சாப்பிட்டான். எங்களுக்குப் புரிந்துவிட்டது. நாங்களும் உட்கார்ந்தோம். ஆளுக்கு இரண்டு கரண்டி உள்ளே போனதும் எழுந்திருக்க முடியவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குள் வாசனை லிஃப்ட் போகும் வழியாகவே மாடி மாடியாக ஏறிவிட்டது. ஜனங்கள் தட்டோடு படியில் இறங்கி வந்தார்கள். ஓடி இறங்கியவர்கள், ஏறும்போது படிக்குப் படி உட்கார்ந்து ஏறினார்கள்.

ஒரு மணி தாண்டி இரண்டு நிமிஷம் ஆனபோது மணி நின்றது. அடியில் நாலு கரண்டி மிச்சம். அது நானூற்றேழு கிலோ இருந்திருக்க வேண்டும். பத்துமடங்கு கையை மட்டும் உள்ளே நீட்டி ஏழாம் எண்ணை அழுத்திவிட்டுப் படியில் ஓடினான். ஓடினான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நாங்கள் பின்னால் ஊர்ந்தோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கார்டு நாலாவது கரண்டியையும் முடித்திருந்தார். அவர் நாற்காலியின் கால்கள் தரையில் ஒரு விரல் இறங்கியிருந்தன.

"வண்டி நாலு நிமிஷம் லேட்," என்றார். "உப்பும் கம்மி."

பத்துமடங்கு என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"முக்கால் மணி நேரம் மணி அடிச்சுது," என்றார் கார்டு. "ஏன் தம்பி, வயரைக் கழட்டிட்டு வந்திருக்கலாமே? நேரத்துக்கு வந்திருப்பீங்க."

"அது இருக்கறதே எறங்கச் சொல்றதுக்குத்தாங்க. எறங்கிட்டேன்."

"அன்னிக்கு ஒருத்தன் பீரோவை ஏத்தறதுக்கு அந்த வயரைப் பிடுங்கிட்டான். அதுலதான் நான் விழுந்தேன்." கார்டு தன் பெண்ணின் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா சொல்ற?"

"சமையல் எனக்குக் கவலையில்லப்பா, உப்பு நான் போட்டுக்கறேன்," என்றாள் தையற்காரி. "நீங்க எப்பக் கீழே வருவீங்க? பதிவு ஆபீஸ்ல கையெழுத்துப் போட நீங்க வேணும்."

கார்டு நாற்காலியிலிருந்து எழுந்தார். மூன்று பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. லிஃப்டுக்குள் வலது காலை வைத்தார். மணி அடித்தது.

அப்புறம் இரண்டு மணிக்கு ஒரு முறை முயற்சி செய்தோம். நாலு மணிக்கு அடித்தது. ஆறுக்கும் அடித்தது. எல்லோரும் அங்கேயே படுத்துக்கொண்டோம். படுப்பதற்கு மட்டும் ஒருவருக்கும் உதவி தேவைப்படவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கார்டு சட்டை மாற்றி, தலை வாரிக்கொண்டு ஏறினார். அவர் பெண் ஏறினாள். கடைசியாகப் பத்துமடங்கு, பயந்து பயந்து ஒவ்வொரு காலாக வைத்து ஏறினான். எல்லோரும் பலகைக்கு மேலிருந்த மணியைப் பார்த்தோம். அது சும்மா இருந்தது.

கார்டு பையிலிருந்து பழைய விசிலை எடுத்து ஒரு முறை ஊதினார். பத்துமடங்கு பொத்தானை அழுத்தினான்.