முகம் தெரியாத படம்

"இது நான் கட்டிவிட்ட துணிதானே, சம்பந்தி?"

டோக்மோக் ஊரிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கிய புர்மாகான், செருப்பைக் கழற்றிய கையோடு கைப்பேசியை நீட்டினாள். சாய்ராகுல் எட்டிப் பார்த்தாள். படத்தில் பிஷ்கேக் நகரத்துக் குப்பைமேடு புகைந்துகொண்டிருந்தது. நடுவில் ஒருத்தி, கையில் கொக்கிக் கம்பி, தோளில் பாட்டில் மூட்டை. சுற்றிக் கட்டிய துணிக்கு நடுவே கண் மட்டும்தான் தெரிந்தது. துணி மயில்கழுத்து நிறம், ஓரத்தில் சிவப்பு ரோஜா.

எல்லாம் பாழாய்ப்போன ஆசையால் வந்த வினை. குப்பைமேட்டில் பெண்கள் முகத்தைச் சுற்றிக்கொள்வது புகைக்காக மட்டுமா? தெரிந்தவன் எவனாவது லாரியில் வந்து இறங்கினால் அடையாளம் தெரிந்துவிடக் கூடாதே, அதற்கும்தான். பத்திரிகைக்குப் படமெடுக்க வந்த சினாரா நல்ல பெண். "மூஞ்சி தெரியாதுக்கா, நாளைக்கு எடுக்கறேன்" என்று கேட்டுத்தான் எடுத்தாள். ஆனால் படம் என்றதும் மனசு கேட்கிறதா? தினமும் கட்டுகிற கந்தலோடா போய் நிற்பது? சாய்ராகுல் பெட்டியைத் திறந்து இருப்பதிலேயே நல்லதை எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள். மகள் மெய்ரிமுக்குத் தோடு போட்டு நிச்சயம் செய்த அன்று, புர்மாகான் தன் கையாலேயே இவள் தலையில் கட்டிவிட்ட துணி அது. ஊரில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் கொடுத்தவளுக்குத் தெரியாதா? அந்தப் புத்தி அன்றைக்கு எங்கே போயிற்றோ.

சம்பந்தி வீட்டைப் பொறுத்தவரை அவள் பள்ளிக்கூடத்தில் சமையல்காரி. மெய்ரிம்தான் அப்படிச் சொல்லி வைத்திருந்தாள். இப்போது அவள் அம்மா பக்கமே திரும்பாமல் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான்.

"அதுவா..." என்று இழுத்தாள் சாய்ராகுல். "அந்தப் பக்கமா போனேன். ஒருத்தி பாவம், குளிர்ல நடுங்கிட்டு நின்னா. மனசு கேக்கல, குடுத்துட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

சொன்னதும் உடம்பெல்லாம் கூசியது. யாரைச் சொன்னாள், தன்னைத்தானே?

புர்மாகான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "துணி போனாப் போகுது. நான்தான் என்னவோ ஏதோன்னு பதறியடிச்சுட்டு வந்தேன். இந்தக் கண்ணப் பாருங்களேன். பெத்ததுக்காகத்தான் அங்க நிக்கறா போல."

மெய்ரிம் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது அறை முழுக்கக் கேட்டது. அதுதான் சாய்ராகுலுக்குத் தாங்கவில்லை.

கிளம்பும்போது புர்மாகான் ஆணியில் மாட்டியிருந்த தன் கம்பளிக் கோட்டை எடுத்தாள், போட்டுக்கொள்ளவில்லை. "இத அவகிட்ட குடுத்துடுங்க."

"ஐயோ, வேணாம் சம்பந்தி! நீங்க எப்படிப் போவீங்க?"

"வண்டியிலதானே போறேன். குளிர்ல நிக்கறவளுக்கு வெறும் துணி எம்மாத்திரம்?" கோட்டை விரித்துப் பிடித்தாள். "அவளும் உங்க ஒசரம்தான் இருப்பா. போட்டுப் பாருங்க, அளவு தெரிஞ்சுடும்."

சாய்ராகுல் மகளைப் பார்த்தாள். மெய்ரிம் துடைத்த கிண்ணத்தையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி நின்று கைகளை நுழைத்தாள். புர்மாகான் முன்னால் வந்து குனிந்து, கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டாள்.

"புகை நெஞ்சுல கட்டிக்கும். ராத்திரி சுடுபால் குடிக்கச் சொல்லுங்க," என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.

"சொல்றேன்."

நகக்கண்ணில் ஏறிய கறுப்பு தெரியாமல் இருக்க விரல்களைக் கோட்டின் கைக்குள் இழுத்துக்கொண்டு, கழுத்துப் பொத்தான் வரும்வரை சாய்ராகுல் அப்படியே நின்றாள்.