ஈரச் சாக்ஸ்

இணையக் காவல் பெட்டியைக் கணினி அறையில் பொருத்திய நாளிலிருந்து அதை வேடிக்கை பார்க்க மட்டும் விட்டிருந்தாள் வீப்கே. பல்கலைக்கழக இணைப்பில் எந்தக் கைபேசி, எந்த மடிக்கணினி வந்து ஒட்டுகிறது, எந்த மாடியில், என்ன பெயரில் என்று எல்லாவற்றையும் அது திரையில் காட்டும். காட்டுவதோடு சரி. தடுக்கச் சொல்லிவிட்டால் கதை வேறு. அனுமதி பெறாத கருவி எதுவும் உள்ளே நுழைய முடியாது. அதன் உரிமையாளர் கீழே இறங்கி வந்து, வீப்கேயின் மேசையில் பெயர் பதிந்துவிட்டுத்தான் போக வேண்டும்.

தினமும் காலையில் மூன்றாம் மாடி மண் ஆய்வுக்கூடத்தில் 'ஈரச் சாக்ஸ்' என்றொரு கைபேசி வரும். சாயங்காலம் போகும். அந்தப் பெயரை வைத்தவள் வீப்கேதான். அப்போது அவள் காதலனாயிருந்த யூரியான் மழையில் சைக்கிள் மிதித்து வந்து, அவள் அறை ஹீட்டரின் மேல் சாக்ஸைக் காயப்போடுவான். அறையே நாறும். ஒருநாள் அவன் கைபேசியைப் பிடுங்கி அந்தப் பெயரை வைத்துக் கொடுத்தாள்.

பிரிந்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. ஒரு பெண்ணைக் கிறுக்காக்க அது போதாதா?

பிரிந்ததற்குப் பெரிய காரணம் எதுவுமில்லை என்று அவன் வீட்டில் சொல்லியிருப்பார்கள். முதல்முறை அவன் வீட்டுக்குப் போனபோது அவன் அம்மா காபி கொடுத்தாள். "உங்கப்பா மாட்டுப்பண்ணையா? சொந்தமா?" என்று கேட்டாள். "இல்ல, அடுத்தவங்க மாட்டைக் கறக்கறாரு, கூலிக்கு," என்றாள் வீப்கே. "அங்கேருந்து படிச்சு இவ்ளோ தூரம் வந்திருக்கியே, ரொம்பப் பெரிய விஷயம்மா," என்றாள் அந்த அம்மாள், நாய்க்குட்டியின் தலையைத் தடவுகிற மாதிரி. யூரியான் காபிக் கோப்பைக்குள் எதையோ தொலைத்தவன் போலக் குனிந்திருந்தான். அவனாக வந்து பேசட்டும் என்று வீப்கே எழுந்து வந்துவிட்டாள். அவன் வரவில்லை. மூன்று மாடி ஏறிப்போய்க் கேட்க இவளுக்கும் கால் வரவில்லை. ரோஷம் வயிற்றை நிரப்புமா? நிரப்பாது. ஆனாலும் விட முடிகிறதா?

"என்ன வீப்கே, உன் பெட்டிக்கு இன்னும் பல்லு முளைக்கலையா?" என்று வந்து நின்றார் அவளுடைய மேலாளர் ஹார்ம்.

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கட்டும், ஹார்ம்."

"பாத்துக்கிட்டே இருந்தா அதுக்குப் பேரு காவல் இல்லம்மா. ஜன்னல்ல உக்காந்த பூனை. எதுக்கு அதுக்குச் சோறு போடறோம்?"

அவர் பெட்டியைத்தான் சொன்னார். வீப்கேவுக்குச் சுருக்கென்றது.

"திங்கக்கிழமை மாத்திடறேன்."

முதல் நாளே கூட்டம் அலைமோதக் கூடாதென்று, தினமும் வருகிற கருவிகளை முன்கூட்டியே அனுமதித்து வைப்பது வழக்கம். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து மூன்றாம் மாடி முழுவதையும் அனுமதித்தாள், ஒன்றைத் தவிர. தப்பு என்று தெரியும். ஆனால் மாடி ஏற முடியாதவளுக்கு, ஒருவனைக் கீழே இறங்க வைக்கிற வழி கையிலேயே இருந்தது.

திங்கட்கிழமை மழை. அவனுக்குப் பிடித்த பச்சை ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டாள். அதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. தடுக்கும் நிலைக்கு மாற்றியதும் மேசை முன்னால் ஆட்கள் நின்றார்கள். ஒரு பேராசிரியர் குரலை உயர்த்தினார்.

"நான் யாருன்னு தெரியுமா உனக்கு?"

"எனக்குத் தெரியும். பெட்டிக்குத் தெரியலையே. பேரைச் சொல்லுங்க."

திரையில் ஈரச் சாக்ஸ் வந்து முட்டியது. பெட்டி விடவில்லை. மறுபடி முட்டியது. சாப்பிடப் போகிற நேரத்தில் அவன் வந்துவிட்டால் என்ன செய்வது என்று பாலாடைக்கட்டி ரொட்டியை மேசையிலேயே கடித்தாள். வந்ததும் முதலில் திட்ட வேண்டும். திட்டி முடித்ததும் அழாமல் இருக்க வேண்டும்.

மதியத்துக்கு மேல் குட்டை முடி வெட்டிய ஒரு பெண் வந்தாள்.

"மண் ஆய்வுக்கூடம். எங்க மாடில எல்லாருக்கும் ஓடுது, என் போன் மட்டும் செத்துக் கிடக்கு. என்மேல மட்டும் என்ன கோவம் உங்களுக்கு?"

வீப்கே கைபேசியை வாங்கிப் பெயரைப் பார்த்தாள். இன்னொரு முறை பார்த்தாள்.

"இது உங்களுதா?"

"ஆமா. என் பேரு மெரெல். போன் பழசுதான். யூரியான்னு ஒருத்தர் இருந்தாரு, வேலைய விட்டுட்டுப் போறப்ப எங்கிட்ட வித்துட்டாரு. அவசரத்துல படத்தை மட்டும் அழிச்சுட்டுக் குடுத்தாரு. அந்தப் பேரை எப்படி மாத்தறதுன்னு எனக்குத் தெரியல, சிரிக்காதீங்க."

"சிரிக்கல. எப்பப் போனாரு?"

"போன கோடைலயே. டென்மார்க்குல எங்கயோ வேலை."

பெட்டி வருவதற்கு முன்பே போய்விட்டிருக்கிறான். அதன்மேல் குற்றமில்லை. அதற்குக் கருவியைத் தெரியும், ஆளைத் தெரியாது. படித்துப் பட்டம் வாங்கிய இவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இத்தனை நாளும் இந்தப் பெண்ணுடைய வரவையும் போக்கையும் பார்த்துத்தான் மூச்சுவிட்டிருக்கிறாள்.

"இந்தப் பேரைப் பத்தி அவர்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேனே. யாரோ வச்சதுன்னாரு."

"யாரோவா?"

"ஆமா. அதுக்கு மேல சொல்லல. நானும் கேக்கல. எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான். பேரை மாத்தித் தரவா?"

"புண்ணியமாப் போகும். என் பேரையே வச்சிடுங்க."

வீப்கே பழைய பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். மெரெல் என்று அடித்து அனுமதித்தாள். ஈர மழைக்கோட்டோடு பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

அன்று வேலை முடிந்து எல்லோரும் போன பிறகும் அவள் மேசையை விட்டு எழவில்லை. மூன்றாம் மாடியில் மெரெல் என்ற பெயர் திரையிலிருந்து மறையும்வரை இருந்துவிட்டு, அதன் பிறகு கோட்டை எடுத்துக்கொண்டாள்.