வெள்ளிக்கிழமைக் கெட்டிமேளம்

1979 தை மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, மாலை நாலு பத்துக்கு, ராசிபுரம் மருந்துக்கடைக்காரர் தண்டாயுதபாணியின் நிழல் அவரை விட்டுவிட்டுத் தெருவில் இறங்கிப் போனது. பஸ் நிலையம் வரைக்கும் போய்த் திரும்பி வர அதற்கு மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் அவருக்கு நாடித்துடிப்பு இல்லை. கடை வழக்கம்போல் திறந்திருந்தது, இருமல் மருந்து விற்றது. நடந்தது இவ்வளவுதான். வெளியிலிருந்து யாரோ "தண்டாயுதபாணீ!" என்று கூப்பிட்டார்கள். மருந்துக்கடைக்காரனுக்கு யார் கூப்பிட்டாலும் பதில் தானாக வாயில் வரும். "வாரே..." என்று ஆரம்பித்தார்; மீதியை இருமல் விழுங்கிவிட்டது. பாதி வார்த்தைக்கே நிழல் கிளம்பிவிட்டது. அடுத்த வெள்ளி, அதே நேரம், அதே குரல் எதிர்ச்சாரியில் சைக்கிள் கடை மணியனைக் கூப்பிட்டது. அவர் "வாரேனுங்க" என்று முழுசாகச் சொன்னார். கையிலிருந்த காற்றடிக்கும் பம்பைக் கீழே வைக்கக்கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை, உயிர் போய்விட்டது. அது யாருடைய குரல் என்று தண்டாயுதபாணியின் மனைவி கமலவேணிக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

தண்டாயுதபாணி நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. தறியில் உட்காராமல் நாதஸ்வரம் பிடித்தவர். ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் வரைக்கும் பன்னிரண்டு வருடம் முகூர்த்தம் தவறாமல் வாசித்தார். 1972இல் திருச்செங்கோட்டுக் கல்யாணம் ஒன்றில், தாலி ஏறுகிற நேரத்தில், வாயில் வைத்து ஊதும் சீவாளி வழியாக ரத்தம் வந்தது. மூச்சுக்குழாய் நைந்துவிட்டது, இனி ஊதினால் உயிர் நிற்காது என்றார் சேலத்து டாக்டர். அதன் பிறகுதான் இரண்டு வருடம் மருந்தாளுநர் படிப்பு, கடை எல்லாம். தொழில் மாறியது, நோய் மாறவில்லை. குளிர்காலம் வந்தால் படியேற முடியாது, ஆடிக்காற்று அடித்தால் படுக்க முடியாது. மூன்றாம் தடவை அந்தக் குரல் வந்தால் இவர் வாய் சும்மா இருக்குமா? கமலவேணிக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

மேளக்காரன் பெண்டாட்டிக்குக் கெட்டிமேளம் எதற்கென்று தெரியும். தாலி ஏறும்போது ஒரு தும்மல், ஒரு அமங்கலச் சொல் மணமக்கள் காதில் விழக்கூடாது. அதற்குத்தான் அத்தனை சத்தம். அடுத்த வெள்ளி நாலு எட்டுக்கே அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு அடிக்கத் தொடங்கினாள். பக்கத்துப் பாத்திரக்கடை சௌந்திரம் கரண்டியோடு சேர்ந்துகொண்டாள். சத்தத்துக்கு அடியில் அந்தக் குரல் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பன்னிரண்டு நிமிடத்தில் ஓய்ந்தது. 1980க்குள் தெருவே பழகிவிட்டது. கடைக்காரர்கள் ஷட்டரை இழுத்து இழுத்து விட்டார்கள். நாமக்கல் பஸ் டிரைவர்கள் அந்த இடத்தில் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. "ஏ கமலவேணி, உன்ற ஊட்டுக்காரருக்கு வாரா வாரம் கெட்டிமேளம் கொட்றோம். ஒரு நாளாச்சும் பந்தி போட்டியா?" என்பாள் சௌந்திரம்.

1984 ஆடியில் தெரு முழுக்கக் கோயில் நோன்புக்குப் போயிருந்தது. கமலவேணி தனியாக அடித்தாள். நடுவில் கரண்டிக் காம்பு முறிந்தது. ஒரே ஒரு மூச்சு நேரம் நிசப்தம். குரல் உள்ளே வந்துவிட்டது. கணவர் வாய் திறந்ததைப் பார்த்தாள். பாய்ந்து உள்ளங்கையால் பொத்தினாள். "வாரேன்" முழுசாக அவள் கைக்குள் விழுந்தது. அன்றிலிருந்து அந்தக் கை பனிக்கட்டி. கரண்ட் போன நாட்களில் ஊசி மருந்துகளை அவள் அந்தக் கையில்தான் வைத்துக் காப்பாற்றினாள்.

1986 மார்கழியில் ஒரு வெள்ளி, மேளம் நடக்கும்போதே வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு கடைக்குள் வந்தார். தரையில் அவருக்கு நிழல் இல்லை. வாயைத் திறந்தார், வெறும் காற்றுதான் வந்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டினார். கிட்டத்தட்ட எட்டு வருடம் கெட்டிமேளத்துக்கு எதிராகக் கத்தியவர்.

கமலவேணி கணவன் காதருகே குனிந்தாள். "ஏனுங்க, அந்தச் செவப்புச் சீட்டு ஒட்டுன பாட்டலை எடுத்துக் குடுங்க. ஒரே முழுங்கு."

"நோவுன்னு வந்தவருக்கு வெசத்த மாத்திக் குடுக்கற கடையாடி இது?" என்றார் அவர். டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். சரியான மருந்தையே எடுத்து வைத்தார். "உப்புப் போட்ட வெந்நி, மூணு வேளைங்க. மேளத்த மீறிக் கத்துனா யாரு தொண்டையும் தாங்காது. நானும் அந்தத் தொழில்ல இருந்தவந்தான். தொண்டைச் செவப்பு போற வரைக்கும் ஒருத்தரையும் பேர் சொல்லிக் கூப்புடப்படாது, ஆமா. அடுத்த மாசம் இதே வெள்ளிக்கு வந்து காட்டுங்க."

வந்தவர் தலையாட்டிவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு போனார். கமலவேணி ஒரு மாதம் கணவனோடு பேசவில்லை. குணமானால் முதல் கூப்பாடு யாருக்கு என்று அவளுக்குத் தெரியாதா?

அடுத்த மாதம் வெள்ளைச் சட்டைக்காரர் சொன்ன தேதிக்கு வந்து நின்றார். தெருவே கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தது. தண்டாயுதபாணிக்கு அன்று குனிய முடியாத இருமல். "எனக்கு முடியல, நீ பாரு" என்று டார்ச்சை அவளிடம் நீட்டினார். கமலவேணி பார்த்தாள். அப்போதுதான் உடைத்த தேங்காய் மாதிரி, தொண்டை அத்தனை சுத்தமாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் கணவர் இருமிக்கொண்டே இருந்தார். அவள் டார்ச்சை அணைத்தாள்.

"இன்னும் செவந்துதானுங்க இருக்குது. அடுத்த மாசம் வாங்க."

வந்தவர் துண்டைச் சுற்றிக்கொண்டு போனார். அடுத்த மாதமும் வந்தார், அதற்கடுத்த மாதமும். கடையில் கூட்டமாக இருந்தால் வரிசையில் நிற்பவர்கள் அவரை முன்னால் போகச் சொல்வார்கள். அவசரமில்லை என்று கையைக் காட்டிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்.