பதினோராம் பலகையில் இருமல்

விஜிலாவுக்கு இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. விடியுமுன்பே இறால் கம்பெனிக்குப் போய், நின்றபடியே தோலுரித்துவிட்டு, ஈரச் சேலையை மட்டும் மாற்றிக்கொண்டு பஸ் ஏறி வந்தவள். உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். உட்கார்ந்த பிறகுதான் வலி கூடியது.

துறைமுகத்துக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் இருபது சதுரங்கப் பலகைகள் போட்டிருந்தார்கள். மாநிலச் சாம்பியன், காயல்பட்டினத்து ஹுதைஃபா, ஒரே ஆளாக இருபது பேரோடும் ஆடினான். வரிசையாக நடந்து வருவான். அவன் வந்து நின்றதும் நாம் காயை நகர்த்திவிட வேண்டும், அதுதான் விதி. மதியத்துக்குள் முக்கால்வாசிப் பேர் தோற்று எழுந்து போய்விட்டார்கள். பதினோராம் பலகையில் விஜிலா இன்னும் இருந்தாள்.

வேடிக்கை பார்ப்பவர்களைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவள் அண்ணன் ஜேசுபாதம் நின்றான். கப்பலில் வரும் நிலக்கரியை இறக்குகிறவன். நெஞ்செல்லாம் கரித்தூள். அவன் இருமினால் மண்டபமே திரும்பிப் பார்க்கும்.

போட்டி நடத்துகிற செந்தில்முருகன் பாத்திரக் கடைக்காரர். வெகுநேரமாகவே அண்ணனையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தவர், பலகைக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, சாம்பியன் ஒங்கிட்ட வந்து நிக்கையில மட்டும் ஒங்கண்ணன் இருமுதானே, அது என்ன கணக்கு?"

"நெஞ்சுச் சளி அண்ணாச்சி."

"சளி நேரம் பாத்தா வரும்? ஒரு இருமலுக்குக் குதிரை, ரெண்டு இருமலுக்கு யானையா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள்.

"அண்ணாச்சி, எனக்கு அதுல குதிரை எது கழுதை எதுன்னே தெரியாது" என்றான் ஜேசுபாதம்.

"நல்லா நடிக்கான்டே" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

விஜிலாவுக்குக் காரணம் தெரியும். 'நான் யோசிக்கையில இருமிராதண்ணே' என்று பஸ்ஸில் அவள்தான் சொல்லி வைத்தாள். அவனும் மூச்சைப் பிடித்து அடக்கிக்கொண்டு நின்றான். சாம்பியன் வந்ததும் தங்கச்சியின் யோசனை முடிந்துவிட்டது என்று நினைத்து இருமலை விட்டுவிடுவான். அவள் காயைத் தொடுவதும் அவன் இருமுவதும் ஒன்றாக விழுந்தன. அவள் அதை அப்படியே சொன்னாள்.

"நல்ல கதை" என்றார் செந்தில்முருகன்.

"அவர வெளிய நிக்கச் சொல்லுங்க. ஆட்டம் முடியட்டும்" என்றான் ஹுதைஃபா. மரியாதையாகத்தான் சொன்னான். ஆனாலும் ஏதாவது கருவி ஒளித்து வைத்திருக்கிறாளோ என்று அவன் கண் அவள் காதோரத்திலும் சேலை மடிப்பிலும் தேடியதை அவள் பார்த்தாள்.

ஜேசுபாதம் தலையைக் குனிந்தபடி வெளியே போனான். இனி அவள் தோற்றால் தீர்ந்தது. அண்ணன் போனதும் ஆட்டமும் போயிற்று பார் என்பார்கள். களவாணிக் குடும்பம் என்று பேர் நின்றுவிடும்.

அடுத்த முறை ஹுதைஃபா வந்து நின்றபோது ஜன்னலுக்கு வெளியே இருமல் வெடித்தது.

"கேட்டீங்களா! அங்கன நின்னும் சொல்லிக் குடுக்கான்!" என்று செந்தில்முருகன் ஜன்னலுக்கு ஓடினார்.

அதோடு இருமல் நின்றுவிட்டது. அந்த அமைதிதான் விஜிலாவைப் பயமுறுத்தியது. எட்டிப் பார்த்தாள். சுவரோரம் குத்தவைத்திருந்த ஜேசுபாதம் துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்திருந்தான். கண் சிவந்து நீர் வழிந்தது. கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது.

அவளிடம் ஒரு சிப்பாய் இருந்தது. மெல்ல மெல்லக் கடைசிக் கட்டம் வரை தள்ளிக்கொண்டு போய் இன்னொரு ராணியாக்கினால் ஜெயிக்கக்கூட வாய்ப்புண்டு. ஆனால் அதுவரை அவன் தாங்க மாட்டான்.

சிப்பாயை விட்டுவிட்டு ராணியை எடுத்தாள். செக். ராஜா மூலைக்கு ஒதுங்கியது. அடுத்த சுற்றில் மறுபடியும் செக். ராஜா பழைய கட்டத்துக்கே திரும்பியது. ஒளிய வேறு இடமில்லை. மூன்று தடவை ஒரே நிலை வந்தால் ஆட்டம் யாருக்கும் வெற்றியில்லாமல் முடியும். மூன்றாம் தடவை அதே நிலை வந்ததும் ஹுதைஃபா நகராமல் நின்றான். பலகையை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கையை நீட்டினான்.

"டிரா."

கைதட்டல் எழுந்தது. செந்தில்முருகன் பொன்னாடையோடு வந்தார்.

"இது வேண்டாம் அண்ணாச்சி. வெளிய வந்து எங்கண்ணன்ட்ட, தப்பாச் சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அட விடும்மா, ஜெயிச்ச நேரத்துல!"

"ஜெயிக்கல. டிரா."

"மொதல்ல போட்டோ எடுப்போம். பெறவு சொல்லுதேன்."

அவர் மேடைக்குப் போய்விட்டார். விஜிலா வெளியே ஓடி அண்ணன் வாயிலிருந்து துண்டை உருவினாள். இருமி ஓய்ந்து பேச்சு வர நேரமாயிற்று.

"ஏளா, ஜெயிச்சிட்டியா?"

"தோக்கலண்ணே."

இப்போதும் கடைப்பக்கம் அவள் போனால், "சாம்பியனையே மடக்கின புள்ளல்லா!" என்று செந்தில்முருகன் வாய் நிறையச் சிரிப்பார். ஜேசுபாதத்திடம் அவர் கேட்க வேண்டிய மன்னிப்பு பாக்கி நிற்கிறது.