களத்தில் குத்திய எழுத்து

கெங் தாஃபு என் புருஷனுடைய அண்ணன். அந்த ஆளைக் கண்டாலே எனக்கு ஆகாது. போன குளிர்காலத்தில் என் புருஷன் செத்ததிலிருந்து, பொது வயலில் எனக்குள்ள பாதியை எப்படி விழுங்கலாம் என்பதே அவருக்கு நினைப்பு. இந்த நெல் கைக்கு வராவிட்டால் நானும் என் மகளும் பட்டினிதான்.

அடித்துக் குவித்த நெல்லை மறுநாள் காலையில்தான் பங்கு பிரிப்போம். அதுவரை யாரும் கை வைக்காமலிருக்க, அடியில் ஓட்டையாக எழுத்து வெட்டிய மரப்பெட்டியில் சுண்ணாம்புப் பொடியை நிரப்பி, குவியலின் மேல் சுற்றிலும் குத்திவிடுவது வழக்கம். எழுத்துக் கலைந்தால் திருட்டு. திருடியவருக்குப் பங்கு கிடையாது. தாஃபு மூத்தவர் என்பதால் பெட்டி அவர் வீட்டில் இருந்தது.

சாயங்காலம் குத்தும்போதே அவர் வாய் சும்மா இருக்கவில்லை.

“பாத்துக்க, இதான் ‘லி’ எழுத்து. இந்தப் பக்கம் நெற்கதிர், அந்தப் பக்கம் கத்தி. முதல்ல கூர்மைன்னுதான் அர்த்தம். அப்புறம் லாபம்னு ஆச்சு. கத்தி யார் கையிலயோ லாபம் அவனுக்கு.”

“அறுத்தது நான். நீங்க அரிவாளைத் தொட்டு எத்தனை வருஷம் ஆச்சு அத்தான்?”

களத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்குச் சுருக்கென்றது.

“ஆதியில இந்த எழுத்தை எலும்புல கீறினப்போ நடுவுல புள்ளி புள்ளியா இருக்குமாம். அறுக்கறப்போ உதிர்ற மணின்னு சொல்றாங்க. பின்னாடி எழுதினவங்க அதை விட்டுட்டாங்க. உனக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது?”

“அந்த மணியெல்லாம் எங்க போச்சாம்?”

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

காலையில் ஊர்த்தலைவர் லுவோ பங்கு பிரிக்க வந்தபோது குவியலின் ஒரு பக்கம் நன்றாகச் சிறுத்திருந்தது. எழுத்துகள் மட்டும் அப்படியே இருந்தன.

“எழுத்துக் கலையலையே, யார் எடுத்திருப்பா? நெல்லு அமுங்கியிருக்கும்,” என்றார் தாஃபு. “இருக்கறதைப் பிரிங்க.”

சிறுத்த பக்கத்து எழுத்தின் மேலேயே துப்பக் குனிந்தேன். வறண்ட வாயில் எச்சில் வரவில்லை, காற்றுதான் வந்தது. கதிரும் கத்தியும் மாவாகப் பறந்து என் கண்ணில் விழுந்தன. கண் தெரியாமல் தடுமாறி சிறுக்காத பக்கத்து எழுத்தில் கையை ஊன்றினேன். அது ராத்திரிப் பனியில் ஊறி, பக்குப் பக்காக உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

லுவோ இரண்டையும் தொட்டுப் பார்த்தார்.

“ராத்திரி பூரா பனி. இது மட்டும் எப்படிய்யா காஞ்சு கிடக்கு? பெட்டி உன்கிட்டதானே இருந்தது, விடிஞ்சப்புறம் குத்தினியா?”

தாஃபு என்னைப் பார்த்தார். “குடும்ப விஷயம். நாங்களே பேசித் தீத்துக்கறோம். என்னம்மா?”

“கதிர் இருக்கு, கத்தி இருக்குன்னீங்க. குடும்பம் அதுல எங்க இருக்கு?”

குவியல் முழுவதும் எனக்குத்தான் என்று லுவோ சொல்லிவிட்டார். நான் குவியல் பக்கம் போகவில்லை. காலிச் சாக்கை உதறிக்கொண்டு தாஃபுவின் வீட்டைப் பார்த்து நடந்தேன்.

“ஏய், எங்க போற?” என்று கத்தினார் தாஃபு.

“உதிர்ந்த மணியைப் பொறுக்க.”