பாதி வளைவு

இரண்டாவது டம்ளர் டீயை வாங்கிக்கொண்டே அண்ணன் போகிறபோக்கில் சொன்ன ஒரு விஷயம் அவளைச் சமையலறை வாசலிலேயே நிறுத்திவிட்டது. உள்விளையாட்டு அரங்கத்தின் கூரை வேலை அவனுடையது. இரும்பு வளைவுகள் எல்லாம் ஏறி நின்றுவிட்டன; திங்கட்கிழமை காலையில் அவற்றின்மேல் கூரைப் பலகைகளை ஏற்ற ஆரம்பிக்கிறான். சத்தமும் வெயிலும் உள்ளே வராமலிருக்க நடுவில் திணிப்பு வைத்த கனமான பலகைகள் அவை.

"கிரேன் இடது பக்கம்தான் நிக்க முடியும். வலது பக்கம் பூரா வடிகால்காரன் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கான். அதனால இடது பக்கத்த மொத்தமா மூடிடறோம். அவன் பள்ளத்த மூடினதும் அந்தப் பக்கம் போவோம்."

அது மூடப்பட எத்தனை நாளாகும் என்று கேட்டாள். பத்து நாளுக்குக் குறையாது என்றான். அவன் டீயைக் குடித்து முடித்து, பைக்கைக் கிளப்பிக்கொண்டு போகும்வரை அவள் மனதுக்குள் ஒரே ஒரு கேள்வி முட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பத்து நாளும் வளைவின் ஒரு தோளில் மட்டும் பாரம் இருக்கும் என்று என் கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?

தெரியாது. தெரிய வழியே இல்லை. ஏனென்றால், வளைவுக்கு இன்னொரு தோள் இருக்கிறது என்பதையே அவள் அதற்குச் சொல்லவில்லை.

கட்டுமான வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் அவள் வேலை பார்த்தாள். கட்டடங்களைக் கட்டுவதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்குள் கட்டிப் பார்த்து, பாரம் ஏற்றி, எங்கே வளைகிறது, எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அலுவலகத்தில் அவளுக்கு வலைக்காரி என்று பெயர். அந்த வேலையே வலை பின்னுவதுதான். ஒரு முழு வளைவும் எப்படி வளையும் என்று ஒரே வீச்சில் கணக்குப் போட யாராலும் முடியாது. ஆனால் அதைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்துக்கொண்டால், ஒவ்வொரு துண்டுக்கும் தன் பக்கத்துத் துண்டு என்ன செய்கிறது என்று மட்டும் தெரிந்தால் போதும். நீ இவ்வளவு தள்ளினால் நான் இவ்வளவு நகர்வேன். அவ்வளவுதான் அதன் அறிவு. அப்படி ஆயிரக்கணக்கான துண்டுகள் ஒன்றையொன்று தள்ளித் தள்ளி, கடைசியில் எல்லாம் சமாதானமாகி நிற்கிற நிலை எதுவோ அதுதான் விடை. ஒவ்வொரு தடவையும் அந்த விடை வந்து நிற்கும்போது அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். பெரிய கூட்டுக்குடும்பத்தில் ஒரு பாகப்பிரிவினை சண்டையில்லாமல் முடிந்ததைப் பார்த்த மாதிரி.

அரங்கத்து வளைவுக்குக் கணக்குப் போட்ட மாதத்தில் அலுவலகத்தின் நல்ல கம்ப்யூட்டர் வேறொரு பாலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அதனால் எல்லோரும் செய்கிற சுருக்குவழியை அவளும் செய்தாள். வளைவு இரண்டு பக்கமும் ஒரே அச்சு. பாரமும் இரண்டு பக்கமும் ஒரே அளவு. அப்புறம் எதற்கு முழுசையும் கட்ட வேண்டும்? உச்சியில் வெட்டி, பாதியை மட்டும் கட்டி, வெட்டிய இடத்தில் ஒரு நிபந்தனை போட்டால் போதும். இந்தப் புள்ளி மேலும் கீழும் போகலாம், பக்கவாட்டில் அசையக் கூடாது, சாயவும் கூடாது. கண்ணாடி வைத்த மாதிரி மறுபாதி தானாக வந்துவிடும். பாதி நேரத்தைவிடக் குறைவான நேரத்தில் வேலை முடிந்தது. வருகிற பாரத்தைப்போல் மூன்று பங்கு வந்தாலும் தாங்கும் என்று விடை வந்தது. ஒரு பக்கமாக அடிக்கிற காற்றுக்குத் தனியாகக் கையால் கணக்குப் போட்டார்கள். அது சின்ன பாரம்.

அவள் மாதக் காலண்டரின் பின்னட்டையிலிருந்து நீளமாக ஒரு துண்டு கிழித்தாள். சர்க்கரை டப்பாவுக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவில் அதை வளைத்துச் சொருகினாள். உச்சியில் விரலை வைத்து அழுத்தினாள். நன்றாகத்தான் தாங்கியது. அப்புறம் விரலை இடது பக்கச் சரிவுக்கு நகர்த்தி மெல்ல அழுத்தினாள். இடது பக்கம் உள்ளே குழிய, வலது பக்கம் வெளியே புடைக்க, உச்சி அப்படியே வலப்பக்கம் நழுவி, அட்டை சடக்கென்று கவிழ்ந்தது.

உச்சி நழுவியது. எந்தப் புள்ளி பக்கவாட்டில் அசையக் கூடாது என்று ஆணியடித்து வைத்திருந்தாளோ அதே புள்ளி.

"காலங்காத்தால என்ன வித்தை காட்டற?" என்றபடி அவள் வீட்டுக்காரர் சர்க்கரை டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆபீஸ் போய்விட்டு வருகிறேன் என்றாள். சனிக்கிழமை என்று நினைவூட்டினார். அவள் அதற்குள் செருப்பை மாட்டியிருந்தாள்.

அலுவலகத்தில் யாருமில்லை. முதல் வேலையாகப் பாதியை முழுசாக்கினாள். பழைய பாரத்தையே, இரண்டு பக்கமும் சமமாக, ஏற்றி ஓடவிட்டாள். இதில் அவளுக்கு ஒரு நப்பாசையும் இருந்தது. இப்போது உச்சியில் ஆணி இல்லை. சாய வேண்டுமென்றால் வளைவு சாயலாம். சாய்கிற புத்தி அதற்கு இருந்தால் இதிலேயே காட்டிவிடும்.

மதியம் விடை வந்தது. அட்சரம் பிசகாமல் பழைய விடை.

தலைமைப் பொறியாளருக்குப் போன் செய்தாள். எதைக் கேட்டாலும் அப்புறம் பார்க்கலாம் என்று ஆரம்பிப்பதால் அவருக்கு அலுவலகத்தில் 'அப்புறம்' என்று பெயர். கெட்ட மனுஷரில்லை. முழுசாகப் பொறுமையோடு கேட்டார். முழு வளைவிலும் அதே விடைதான் வந்தது என்பதைச் சொன்னதும் அவர் குரலில் சனிக்கிழமை திரும்பி வந்துவிட்டது. அப்புறம் என்ன, நீயே சோதித்துப் பார்த்துவிட்டாய், வீட்டுக்குப் போ என்றார். அவள் விடவில்லை. ஒருபக்கப் பாரத்தை இன்னும் ஏற்றிப் பார்க்கவில்லை என்றாள். கட்டி முடித்த கூரைக்குத்தான் நாம் பொறுப்பு, கட்டும்போது வருகிற பாரம் ஒப்பந்தக்காரர் பாடு என்றார் அவர். பிறகு கொஞ்சம் தயங்கி, மிருதுவாகவே கேட்டார்.

"ஒப்பந்தக்காரர் உங்க அண்ணன்கிறதால பயப்படறியாம்மா?"

"இல்ல சார். நான் பாதிதான் பாத்தேங்கறதால பயப்படறேன்."

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு அந்த விடைமீதே கோபம் வந்தது. ஏன் அது சாயவில்லை? நாற்காலியைத் தள்ளிவிட்டு ஜன்னலருகே போய் நின்றாள். யோசித்தபோது, அது சாயாமல் நின்றதில் ஆச்சரியமே இல்லை என்று பட்டது. பென்சிலைக் கூர்முனையில் நிறுத்தினால் நமக்கு விழும். கம்ப்யூட்டருக்குள் நிறுத்தினால் விழாது. அங்கே காற்று இல்லை, கை நடுக்கம் இல்லை, மேசை கோணல் இல்லை. இடது பக்கமா வலது பக்கமா என்று தேர்ந்தெடுக்க ஒரு காரணமும் இல்லாதபோது அது எந்தப் பக்கமும் விழாமல் நின்றுகொண்டே இருக்கும். அவள் கொடுத்த வளைவு அப்பழுக்கில்லாதது. உலகத்தில் எந்தப் பட்டறையும் அப்படி ஒரு வளைவைச் செய்ததில்லை. அண்ணனுடைய பட்டறையும் சேர்த்துத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் திரும்பி வந்தாள். வளைவுக்கு ஒரு குறை கொடுத்தாள்: ஒரு பக்கமாக, விரல்கடை அளவுக்கு ஒரு கோணல். பட்டறை வேலையில் அந்த அளவுக்குக் கோணல் இருந்தால் அதை யாரும் கோணல் என்றே சொல்லமாட்டார்கள். பிறகு இடது பக்கத்தில் மட்டும், கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பலகையாக ஏற்றச் சொன்னாள். திரையில் ஒரு கோடு மேலே போக ஆரம்பித்தது. ஒரு பலகைக்கு ஒரு புள்ளி; பாரம் கூடினால் கோடு மேலே போகும், உச்சி நழுவினால் பக்கவாட்டில் சாயும். முதலில் ஏணி சாத்திய மாதிரி நேராகப் போனது. பிறகு கொஞ்சம் படுத்தது. முக்கால்வாசிப் பலகைகள் ஏறுவதற்குள் மொத்தமாகப் படுத்து, அடுத்த புள்ளி வராமலே நின்றுவிட்டது. இதற்குமேல் சமாதானமாகி நிற்கிற நிலை எனக்குக் கிடைக்கவில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. அதன் மொழியில் அது ரொம்ப மரியாதையான வாக்கியம். கட்டுமானத் தளத்தில் அதற்கு அர்த்தம், கூரை கீழே வருகிறது என்பது.

வலையை இன்னும் நெருக்கமாகப் பின்னி மறுபடி ஓட்டினாள். கோணலை மறுபக்கம் மாற்றி ஓட்டினாள். எப்படி ஓட்டினாலும் கோடு ஏறக்குறைய அதே இடத்தில்தான் படுத்தது.

தலைமைப் பொறியாளருக்கும் அண்ணன் நிறுவனத்துக்கும் ஒரே மின்னஞ்சலாக எழுதினாள். நான் கொடுத்த கணக்கு கட்டும் நிலைக்குப் பொருந்தாது, ஒரு பக்கமாகப் பலகை ஏற்ற வேண்டாம், காரணமும் படங்களும் கீழே இருக்கின்றன. அடியில் தன் பெயரை மட்டும் போட்டாள். அனுப்பிவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள்.

அவன் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தான். முதலில் சிரித்தான். பிறகு கத்தினான். கிரேனுக்குச் சொல்லியாயிற்று, ஆட்கள் வந்து இறங்கியாயிற்று, உங்கள் அலுவலகம் முத்திரை குத்திக் கொடுத்த காகிதம் என் மேசையில் இருக்கிறது என்றான். அவன் பட்டறையில் செய்த வளைவில் ஒரு பற்றவைப்பு பிசகியிருந்தால் காட்டு பார்க்கலாம் என்றான்.

"என் வேலை மேல உனக்கு சந்தேகம்."

"உன் வேலை மேல இல்லண்ணா. என் வேலை மேல."

அவன் போனை வைத்துவிட்டான். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அண்ணி கூப்பிட்டாள். "என்ன சொன்னீங்க அவர்கிட்ட? தட்ட அப்படியே வச்சிட்டு எழுந்து போயிட்டாரு. கைகூடச் சரியா கழுவல."

எங்கே போனார் என்று அண்ணிக்கும் தெரியவில்லை. அரை மணியில் அலுவலகக் கதவு தட்டப்பட்டது. அண்ணன்தான்.

உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை. அவன் அந்தத் திரையை அதற்குமுன் பார்த்ததே இல்லை. அவளிடமிருந்து அவனுக்கு எப்போதும் காகிதங்கள்தான் வந்திருக்கின்றன. அவள் படத்தைக் கொண்டுவந்தாள். கண்ணுக்குத் தெரிவதற்காக நூறு மடங்கு பெரிதாக்கிக் காட்டியிருக்கிறது, நிஜத்தில் இவ்வளவு கோரமாக வளையாது என்று முன்கூட்டியே சொன்னாள். இடது பக்கம் குழிந்து, வலது பக்கம் புடைத்து, உச்சி நழுவிய வளைவு. அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து விளக்கப்போனாள். பாதி என்றால் என்ன, ஆணி என்றால் என்ன என்று. அவன் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னான். திரைக்கு அருகில் குனிந்து, வலப்பக்கத்துப் புடைப்பின்மேல் விரலை வைத்தான். விரலில் இன்னும் எண்ணெய்ப் பசை இருந்தது.

"இங்கதான் பசங்க பெல்ட்ட மாட்டிக்கிட்டு நிப்பாங்க. இந்தப் பக்கம் காலியா இருக்குல்ல. அதான் பத்திரம்னு நெனச்சேன்."

அவன் விரலை எடுக்கவில்லை. தலைமைப் பொறியாளரிடமிருந்து போன் வந்தது. மின்னஞ்சலைப் பார்த்திருக்கிறார். நாளைக்கு வாடிக்கையாளர் இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று கேட்பாரே, என்ன சொல்ல என்று கேட்டார். நடந்ததைச் சொல்லுங்கள் என்றாள். அப்படியானால் அந்தப் படங்களைப் பெரிய அளவில் அச்செடுத்து வை, காலையில் நானே தளத்துக்கு வருகிறேன் என்றார். அப்புறம் என்ற வார்த்தை இல்லாமல் அவர் பேசி அன்றுதான் கேட்டாள்.

அண்ணன் இதற்குள் மேசைமேலிருந்த காகிதத்தில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தான். உச்சிக்கு மேலாகக் கம்பிவடம் கட்டி, இடது பக்கம் தூக்குகிற பலகையை வலது பக்கத்துக்கு இழுத்து இறக்கலாம். சுணக்கம்தான், நாலு ஆள் கூட வேண்டும், ஆனால் முடியும் என்றான்.

"இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. மாத்தி மாத்தி. அப்ப நிக்குமா?"

"தெரியலண்ணா."

"தெரியலன்னா?"

"ஒவ்வொரு தடவையும் இடது பக்கம் ஒரு பலகை கூடுதலா இருக்கும். நீ அடுத்தத இழுத்து வைக்கற வரைக்கும். வடத்தோட இழுப்பும் சேரும். போட்டுப் பாக்காம சொல்லமாட்டேன்."

"போடு. முழுசா போடு."

வடத்தை எங்கே கட்டுவான், எந்தக் கோணத்தில் இழுப்பான், இழுக்கும்போது பலகை எங்கே ஒரு நொடி இளைப்பாறும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். முதலில் சலித்துக்கொண்டு சொன்னவன், போகப்போக அவள் கேட்காததையும் சொல்ல ஆரம்பித்தான். மழையில் நனைந்தால் பலகை கனம் கூடும் என்றான். அதையும் சேர்த்தாள். வடம் இறுகும்போது ஒரு வெட்டு வெட்டி இழுக்கும் என்றான். அதையும் சேர்த்தாள். கோணலையும் விட்டுவிடவில்லை. உன் பட்டறைக் கோணல் என்று அவள் காட்டியபோது, இவ்வளவு இருக்காது என்று முனகினான். பிறகு, சரி, இருக்கட்டும் என்றான்.

ஓட்டம் ஆரம்பித்தது. இந்தத் தடவை கோடு நேராகப் போகவில்லை. ஒரு பலகைக்கு இடது பக்கம் ஒரு சின்ன அசைவு, அடுத்த பலகைக்கு நிமிர்வு. தலையில் குடம் வைத்து நடப்பவரின் இடுப்பு மாதிரி இப்படியும் அப்படியும் ஒடிந்து ஒடிந்து மேலே போனது. அண்ணன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றான். ஒவ்வொரு புள்ளி வரும்போதும் மூச்சை இழுத்தான். அடுத்தது வந்த பிறகுதான் விட்டான். சட்டைப் பைக்குள் அவன் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. காலையில் கோடு படுத்துக்கொண்ட உயரம் திரையில் ஒரு மெல்லிய சிவப்புக் கீறலாக இருந்தது. புள்ளிகள் அதன் அடிவரைக்கும் வந்து சேர்ந்தன. அடுத்த பலகை இடது பக்கத்துப் பலகை. கம்ப்யூட்டர் எண்ணிக்கொண்டே இருந்தது. திரையின் மூலையில் எண்கள் மாறின, மறுபடி மாறின, ஆயிரக்கணக்கான துண்டுகள் உள்ளே ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன. கடைசிப் புள்ளியின் நுனியிலிருந்து கோடு ஒரு மயிரிழை இடது பக்கம் சாய்ந்து, அங்கேயே நின்று, அடுத்த அடியை எங்கே வைக்கலாம் என்று தேடிக்கொண்டிருந்தது.